கதவு திறக்கும் நடை

எனக்குப் பிழைப்புக் கொடுத்தது ஒரு கதவு. அதற்கு முன்னால் நான் வெறும் பிசியோதெரபிஸ்ட். தோள் பிடித்துக்கொண்டது, கழுத்து திரும்பவில்லை என்று வருகிறவர்களை நம்பிப் பாளையங்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் பாதிப் பேர், "சுளுக்கு எடுப்பீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பிறகு திருநெல்வேலி ஜவுளிக் கடைகளுக்கு அந்தக் கதவுகள் வந்தன. கம்பெனி வைத்த பெயர் 'நேர்நடை பாதுகாப்பு அமைப்பு'. ஊரில் எல்லோருக்கும் வெறும் 'கதவு'. கடை வாசலில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி ஒரு சிறிய பாதை. அதில் ஒருவர் பின் ஒருவராக நடந்து வர வேண்டும். தோள், கை, கண், மூச்சு எல்லாவற்றையும் மேலேயிருந்து கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கும். திருடப் போகிறவன் உடம்பு எப்படி இருக்கும் என்று லட்சக்கணக்கான வீடியோக்களைக் காட்டி அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். பச்சை விளக்கு எரிந்தால் கதவு திறக்கும். மஞ்சள் எரிந்தாலும் திறக்கும், ஆனால் ஓர் ஆள் பின்னாலேயே வந்துகொண்டிருப்பான். சிவப்பு எரிந்தால் திறக்காது. யாரை உள்ளே விடுவது என்பது கடைக்காரர் விருப்பம் என்று சட்டத்தையும் வளைத்து வைத்திருந்தார்கள்.

சிவப்பு வாங்கிய ஒருவர், "தோள் இறுகியிருக்கு போல, கொஞ்சம் தளத்தி விடுங்க சார்" என்று என்னிடம் வந்தார். தளர்த்தினேன். நிமிர்ந்து நடக்கவும் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் அவருக்குப் பச்சை. அடுத்த வாரம் என் வாசலில் செருப்பு விட இடமில்லை. நம் ஊரில் எதற்குத்தான் டியூஷன் இல்லை? நான் பலகையை மாற்றி 'கடை நடைப் பயிற்சி மையம்' என்று எழுதி வைத்தேன். கொஞ்ச நாளில் பக்கத்திலேயே வண்ணாரப்பேட்டையில் ஒருவன் போட்டிக்குக் கடை விரித்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. என்னிடம் படித்தவர்களில் இரண்டு பேர் நிஜமாகவே திருடர்கள். போலீஸ் வந்து விசாரித்தபோதுதான் எனக்கே தெரியும். வகுப்புக்கு ஒரு நாளும் மட்டம் போடாமல், கண்ணாடி முன்னால் நின்று ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்கள் அவர்கள்தான். சீக்கிரமே பச்சை வாங்கிக்கொண்டு போனார்கள். திருடத் தெரியாதவர்கள்தான் மாதக் கணக்கில் என்னிடம் கிடந்து அவதிப்பட்டார்கள்.

பிரம்மசக்தி அக்கா வந்தது ஆனி மாதத்தில். முக்கூடல்காரர், பீடி சுற்றுகிறவர். வந்ததும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"தம்பி, ஒவ்வொரு கடையிலயும் எனக்குச் சிவப்பாத்தான் விழுது. நான் என்ன களவாணியா?"

"கதவு அப்படிச் சொல்லலக்கா. களவாணி உடம்பு எப்படி இருக்குமோ, அப்படி இருக்குன்னுதான் சொல்லுது."

"ரெண்டும் ஒண்ணுதானய்யா?"

நான் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு மட்டும் எப்பமும் பச்சை. தண்ணி போட்டுட்டுப் போனாலும் வாங்க வாங்கன்னு திறக்கு."

"தண்ணி போட்டவங்க உடம்பு தொளதொளன்னு இருக்கும்லாக்கா. பயம் இருக்காது. கதவுக்கு அதுதான் வேணும். உங்களுக்கு முதல் தடவ சிவப்பு விழுந்துது, பயந்துட்டிய. பயந்ததால ரெண்டாவது தடவயும் விழுந்துது. இனிமே அது வளந்துகிட்டேதான் போவும்."

அக்கா தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். மகள் சுகிர்தாவுக்கு ஆவணியில் கல்யாணம். அதற்கு முன்னால் முகூர்த்தப் பட்டு எடுக்க இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து ரத வீதிக்குப் போக வேண்டும். போனில் படம் பார்த்து வாங்குகிற சமாச்சாரம் இல்லை அது. இரண்டு அம்மாக்களும் தொட்டுப் பார்த்து எடுத்தால்தான் முகூர்த்தப் பட்டு. ரத வீதியில் கதவு இல்லாத பட்டுக் கடை ஒன்றுகூட இல்லை.

"தரகர் வந்து, வீட்டுல எல்லாருக்கும் கதவு திறக்குமான்னு கேட்டாரு. திறக்கும்னு சொல்லிப்புட்டேன் தம்பி. மாப்பிள்ளையோட அம்மை தங்கபுஷ்பம்னு பேரு. தூத்துக்குடில உப்பு ஏவாரம், பெரிய இடம். அவுக முன்னாடி எனக்குச் சிவப்பு விழுந்தா அன்னைக்கோட எல்லாம் முடிஞ்சுது. எம் மவ மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?"

அவர் மிகைப்படுத்தவில்லை. சிவப்பு விழுந்த குடும்பம் என்று பேர் வாங்கி நின்றுபோன இரண்டு கல்யாணங்கள் எனக்கே தெரியும். அறையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒரு தடவை நடந்து காட்டச் சொன்னேன்.

முதுகு பீடி முறத்தின் மேல் குனிந்த வாக்கிலேயே இருந்தது. கண் தரையை விட்டு எழவில்லை. அதையெல்லாம் சரிசெய்துவிடலாம். கைதான் வில்லங்கம். இரண்டு கையும் இடுப்புக்குப் பக்கத்தில் சேர்ந்துகொண்டு, விரல்கள் எதையோ சுருட்டிக்கொண்டே இருந்தன. காற்றிலே பீடி சுற்றுகிறார். சின்ன வயசிலிருந்து சுற்றுகிறவர், தன் கை ஓடுவது அவருக்கே தெரியாது.

"அக்கா, இடுப்புகிட்ட விரல் ஓடினா ஏதோ ஒளிக்காங்கன்னு கதவுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு. பீடி சுத்துத ஒருத்தரக்கூட அதுக்குக் காட்டியிருக்க மாட்டாங்க."

"அப்பம் அதுகிட்டச் சொல்லுங்களேன், இது பீடிக்காரி கைன்னு."

"யாருகிட்டச் சொல்ல? கடையில கேட்டா கம்பெனியக் கேளுங்கம்பாவ. கம்பெனிக்கு எழுதினா கடையில கேளுங்கன்னு பதில் வரும். நான் எழுதிப் பாத்துட்டேன்."

மறுநாளே பயிற்சியை ஆரம்பித்தோம். கையில் ஒரு கைப்பை கொடுத்து விரல்களை அதன் வாரில் பூட்டினேன். தோளைப் பின்னால் தள்ளினேன். கண்ணை எதிர்ச்சுவர் காலண்டரில் நிறுத்தச் சொன்னேன். 'இந்தக் கடையை விலைக்கு வாங்க வந்திருக்கேன்' என்று நினைத்துக்கொண்டு நடக்கச் சொன்னேன். அக்கா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தபோது தோள் தானாகவே இறங்கியது. பயத்தோடு இருந்தவரை என்ன அழுத்தியும் இறங்காத தோள் அது.

நல்ல மாணவி. கொஞ்ச நாளில் நடை வந்துவிட்டது. ஆனால் ஒரு நாள் காலையில் வந்தவர் பயிற்சிக்கு எழாமல் உட்கார்ந்தே இருந்தார்.

"தம்பி, பீடிச் சொளவ மடியில வச்சா கை ஓட மாட்டேங்கு. இலையப் பிடிச்சா விரல் நின்னு யோசிக்கு. எனக்குப் பொறவு பழகுனவள்லாம் என்னைவிடக் கூடச் சுத்துதாளுவ. விரல அடக்கினா வேல ஓடல, அடக்காட்டா கதவு திறக்கல. சுகிர்தா வேற கேக்கா, எம்மா ஏன் வேற யாரோ மாரி நடக்கன்னு."

அந்த விரல்கள்தான் அவர் வீட்டுக்கு அடுப்பு மூட்டியவை, மகளை நர்சிங் படிக்க வைத்தவை. அவற்றைக் கட்டிப்போட நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பட்டு எடுக்கப் போவதற்கு முந்தின நாள், பாளையங்கோட்டையில் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்துப் பார்த்தேன். பச்சை! அக்கா உள்ளே போய் ஒரு கர்சீப் வாங்கிக்கொண்டு வெளியே வந்து அழுதார்.

"நாளைக்கு நீங்களும் வாங்க தம்பி. ஒண்ணுவிட்ட தம்பின்னு சொல்லிக்கிடுதேன். நீங்க பக்கத்துல நின்னா எனக்குத் தெம்பா இருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை, நல்ல நேரம் பார்த்து, ரத வீதி அலங்காரவல்லி பட்டு மாளிகை வாசலில் இரண்டு வேன்கள் வந்து நின்றன. பெரிய கடை அது, கண்ணாடி வாசல். உள்ளே ஏசி ஓடுவது வெளியே நிற்கிறவர்கள் முகத்தில் தெரியும். வாசலுக்கு ஓரமாகச் சிவப்பு வாங்கிய ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, உள்ளே போன தன் வீட்டாருக்காகக் காத்து நின்றாள்.

மாப்பிள்ளை போனான், பச்சை. சுகிர்தா போனாள், பச்சை. அக்காவின் வீட்டுக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சொந்த வீட்டுக்குள் போகிறவர் மாதிரிப் போனார். பச்சை. சித்தப்பா, பெரியம்மா, அத்தைமார் என்று ஒவ்வொருவராக உள்ளே போய்க் கடைசியில் இரண்டு சம்பந்தியம்மாக்களும் நானும்தான் பாக்கி.

தங்கபுஷ்பம் அம்மாள் உயரமானவர். கழுத்து நிறைய நகை. அதிகம் பேசாத முகம்.

"நீங்க முதல்ல போங்க மதினி" என்றார்.

"அய்யோ, மாப்பிள்ள வீட்டுக்காரவுக நீங்க. நீங்க போவாம நான் போவேனா?" என்றார் அக்கா.

"பொண்ணப் பெத்தவுக முன்ன போனாத்தான் லட்சணமா இருக்கும்."

"அதெல்லாம் இல்ல. மூத்தவுக நீங்க."

இது இப்படியே போய்க்கொண்டிருந்தது. நானும் மரியாதைக்குத்தான் மல்லுக்கட்டுகிறார்கள் என்று நினைத்தேன். கடைசியில் தங்கபுஷ்பம் அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டுப் பாதையில் கால் வைத்தார்.

முதல் அடியிலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தாடை ஒரு விரற்கடை தூக்கல். பை இடது முழங்கையில். உதடு அசையாமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை. மூன்றாவது அடியில் ஒரு சின்னச் சிரிப்பு. அட, வண்ணாரப்பேட்டைக்காரன் நடை! நூறு பேர் நடுவில் வந்தாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன். அந்த மூன்றாவது அடிச் சிரிப்பைத் தன் கண்டுபிடிப்பு என்று போஸ்டர் அடித்து ஒட்டியிருந்தான். சிவப்பு வாங்காதவர்கள் எவரும் அவனிடம் போய் நடை படிக்க மாட்டார்கள். அப்படியானால் இந்த அம்மாளும்...

திறந்துவிடேன் சனியனே என்று அந்தக் கதவைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினேன். போட்டிக்காரன் மாணவிக்காக நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

பாதி வழியில் வேன் டிரைவர் பின்னாலிருந்து, "அம்மா, உங்க போன வண்டியிலயே வச்சிட்டிய!" என்று சத்தம் போட்டார். தங்கபுஷ்பம் அம்மாள் நின்றார். சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அவருக்குப் புரிபடவில்லை. வலது பக்கம் திரும்பினார், இடது பக்கம் திரும்பினார், மறுபடி வலது பக்கம் பார்த்தார். யாரும் பார்க்கிறார்களா என்று நோட்டம் விடுகிறவரின் தலை எப்படித் திரும்புமோ அப்படியே இருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"கொஞ்சம் ஓரமா நில்லுங்கம்மா" என்றான் காவலாளி. எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தைதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு வீட்டுச் சொந்தங்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தங்கபுஷ்பம் அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. பையை மார்போடு சேர்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார்.

நான் அக்காவைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அற்பத்தனமான யோசனைதான் வந்தது. இப்போது அக்கா நேற்று நடந்த மாதிரி நடந்தால் போதும், பச்சை. மாப்பிள்ளை வீட்டுக்காரிக்குச் சிவப்பு, பீடி சுற்றுகிறவளுக்குப் பச்சை. ஆயுசுக்கும் சம்பந்தி வீட்டில் இவர் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது. 'போங்க' என்று கண்ணைக் காட்டினேன்.

"இதக் கொஞ்சம் பிடிங்க தம்பி" என்று கைப்பையை என்னிடம் கொடுத்தார் அக்கா.

பிறகு பாதையில் இறங்கி நடந்தார். நான் கற்றுக்கொடுத்த நடை இல்லை. முதுகு பழையபடி குனிந்தது. கண் தரைக்குப் போனது. இரண்டு கையும் இடுப்புக்கு முன்னால் வந்து சேர்ந்தன. இத்தனை நாளும் நான் கட்டிப்போட்ட விரல்கள், அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓட ஆரம்பித்தன. இலையைப் பிடித்து, தூளை வைத்து, சுருட்டி, நூல் சுற்றி, அடுத்தது. ரத வீதி முழுக்கப் பார்க்கட்டும் என்பதுபோல நிதானமாக நடந்தார்.

சிவப்பு. காவலாளி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அக்கா தானாக ஓரத்துக்குப் போய்ச் சம்பந்தியம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டார். என் மாணவிகளில் ஒருத்தர் சிவப்பு வாங்கி நான் சந்தோஷப்பட்டேன் என்றால் வண்ணாரப்பேட்டைக்காரன்கூட நம்ப மாட்டான்.

"எனக்கும் திறக்காது மதினி" என்றார் அக்கா.

தங்கபுஷ்பம் அம்மாள் விழித்தார். "அந்தக் காது எனக்குக் கேக்காது மதினி. இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

அக்கா சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்று, "எனக்கும் திறக்காதுன்னேன்" என்று மறுபடி சொன்னார்.

"தரகர்கிட்டத் திறக்கும்னு சொன்னிய?"

"நீங்களுந்தானே சொன்னிய?"

ஒரு நிமிஷம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. தங்கபுஷ்பம் அம்மாளுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

"வண்ணாரப்பேட்டைல ஒருத்தன்கிட்ட ஒரு மாசமா அலைஞ்சேன் மதினி. சிரி, சிரின்னு சொல்லி உசிர வாங்கிட்டான். காது கேக்காததுக்குத் திரும்பித் திரும்பிப் பாத்தா, அது களவாணி முழியாம். உங்க முன்னாடி மானம் போயிருமேன்னு ராத்திரி உறக்கமே இல்ல."

"எனக்கு மட்டும் உறக்கம் வந்துச்சாக்கும்? இந்தா நிக்காருல்லா, இவருதான் எங்க வாத்தியாரு."

"ஒண்ணுவிட்ட தம்பின்னிய!"

நான் கைப்பையோடு அசடு வழிந்துகொண்டு நின்றேன். இரண்டு அம்மாக்களும் கால் வலிக்கிறது என்று கடைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே போகிறவர்களைக் கதவு எதுவும் கேட்காது. மாப்பிள்ளைதான் முதலில் வெளியே வந்தான். தன் அம்மா பக்கத்தில் ஒரு படி கீழே உட்கார்ந்தான். சுகிர்தா வந்தாள். பிறகு அத்தைமார், சித்தப்பாமார். ஏசியை விட்டு வர மனமில்லாமல் கடைசியாக வந்தவர் அக்காவின் வீட்டுக்காரர். கல்யாண வீட்டு ஜனம் மொத்தமும் படியில் உட்கார்ந்ததும் தெருவே வேடிக்கை பார்த்தது.

கடை முதலாளி பரமகுரு அண்ணாச்சி மாடியிலிருந்து வேகமாக இறங்கி வந்தார். படியைப் பார்த்தார், வேன்களைப் பார்த்தார்.

"ஏல, ஒரு ஸ்டூல எடுத்துக் கதவுக்கு முட்டுக் குடு" என்றார் காவலாளியிடம்.

மேனேஜர் பதறினார். "அண்ணாச்சி, கதவத் திறந்து போட்டா கம்பெனி காண்ட்ராக்ட் போயிரும்."

"காண்ட்ராக்ட் கிடக்கட்டும். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தவுக வாசல்ல உக்காந்திருக்காவ. கடைக்கு அது நல்லதா?" என்றவர் கையைக் கூப்பினார். "வாங்கம்மா, மன்னிக்கணும். உள்ள வாங்க."

தங்கபுஷ்பம் அம்மாள் எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு எங்களுக்காவத் திறந்திய. நாளைக்கு?"

"நாளைக் கதைய நாளைக்குப் பாத்துக்கிடலாமேம்மா."

"அப்பம் நாங்களும் நாளைக்கே வாரோம்."

உப்பு வியாபாரக் குடும்பம், பேரம் பேசச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "சரிம்மா, சரி. ஸ்டூல் அங்கனயே கிடக்கும். போதுமா?"

அவர் சொல்லி முடிப்பதற்குள், ஓரமாக நின்றிருந்த பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, யாரையும் கேட்காமல் எல்லோருக்கும் முன்னால் உள்ளே போய்விட்டாள். அவளை யாரும் தடுக்கவில்லை.

அந்த ஸ்டூலை அப்புறம் யாரும் எடுக்கவே இல்லை. திறந்த கதவுக் கடை என்று பேர் பரவி, ஆவணி முகூர்த்தம் முழுக்கக் கூட்டம் அங்கேதான். வருஷக் கடைசியில் சரக்கைச் சரிபார்த்தபோது, கதவு இருந்த காலத்தில் களவு போனதைவிட ஒன்றும் கூடுதலாகப் போயிருக்கவில்லை என்று அண்ணாச்சியே என்னிடம் சொன்னார். பக்கத்துக் கடைகளும் ஒவ்வொன்றாக ஸ்டூல் போட்டன. கம்பெனிக்காரர்கள் இப்போது ஊர் ஊராகப் போய் மனுஷர்கள் எப்படியெல்லாம் நடக்கிறார்கள் என்று புதிதாகப் படம் பிடிக்கிறார்களாம், பார்க்கலாம். நான் பழையபடி தோள்பட்டை வலிக்குத் திரும்பிவிட்டேன். வண்ணாரப்பேட்டைக்காரன் சிரிப்பு யோகா ஆரம்பித்திருக்கிறான்.

கதவுக்கு ஸ்டூல் போட்ட அன்றைக்கு மேல்மாடிப் பட்டுப் பிரிவில் ஜமக்காளம் விரித்து இரண்டு சம்பந்தியம்மாக்களையும் நடுவில் உட்கார வைத்தார்கள். விற்பனையாள் ஒவ்வொரு சேலையாக விரித்துப் போட்டான். அக்கா ஒரு சேலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். முந்தானை ஓரத்தில் அவர் விரல்கள் தம்பாட்டுக்குச் சுருட்டத் தொடங்கின. விற்பனையாளின் கண் ஜரிகையை விட்டு அந்தக் கைக்கு நகர்ந்தது. அவனுக்குக் கேமரா ஒன்றும் தேவைப்படவில்லை. அக்கா அதைக் கவனித்து, சட்டென்று கையைச் சேலைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"எய்யா, அங்க என்ன பாக்க?" என்றார் தங்கபுஷ்பம் அம்மாள். "பீடி சுத்தி மகள நர்சிங் படிக்க வச்ச கை அது. சும்மா இருக்காது. நீ அடுத்த சேலைய விரி."

சொல்லிவிட்டு, அக்காவின் கையைச் சேலைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, மறுபடி அந்த முந்தானை மேலேயே வைத்தார். விரல்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தன. பிறகு மெதுவாகச் சுருட்ட ஆரம்பித்தன.